யார் அடித்த தப்பு

அத்தியாயம் பதினொன்று

அன்றைக்கு விடியலில் தப்புச் சத்தம் கேட்கவில்லை.

நரிப்பாறைத் தோட்டத்தில் சூரியன் வராமல் போன நாட்கள் உண்டு. தப்பு அடிக்காமல் போன நாள் கிடையாது. ஆட்களை எழுப்பி, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு விரட்டும் அந்தப் பறையொலி, பெருங்காற்றில், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோய்ப் பெரகலச் சந்தியில் ரொட்டிக் கடைக்குக் கூரையாக இறங்கிய நாளில்கூட ஒலித்தது. பொய் என்றால் அந்தக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்குப் பதிலாகக் கொம்பு ஊதினார்கள். அதுவும் ஊதத் தெரியாத எவனோ ஊதி, வயிற்றுவலி வந்த கன்றுக்குட்டி போல ஒரு குரல் மலையில் ஏறி இறங்கியது.

தூங்கியிருந்தால்தானே அங்கம்மா விழிப்பதற்கு. சுவரோரம் உட்கார்ந்தபடியே இருந்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்க அறையில், கொழுந்தன் முருகையாவின் காம்பராவில், குழந்தை முனகிக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் மாலை நடந்தது லயம் முழுவதற்கும் முடிந்துபோன சங்கதி. அவளுக்கு மட்டும் கண்ணுக்குள் இன்னும் நடந்துகொண்டிருந்தது. முருகையாவின் மகன், மூன்று வயது அழகர், வாசலில், திண்ணை போன்ற இஸ்தோப்பில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். தாய் இராக்கம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அங்கம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இராமையா கங்காணியின் நாய் சிப்பாய், கட்டு என்பதையே அறியாத நாய், எங்கிருந்தோ பாய்ந்து வந்து பிள்ளையின் தோளைக் கவ்விப் படிக்கட்டு வரைக்கும் தரதரவென்று இழுத்தது. அங்கம்மா விறகுக்கட்டையால் போட்ட போட்டில்தான் விட்டது. முருகையா செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு துரத்த, தேயிலைக்குள் பாய்ந்து மறைந்தது.

அந்த நாயைத் துணித்திரியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அங்கம்மா. வயிற்றில் ஒன்றும் தங்காத அவளுடைய மடியில் இரண்டு பேர் தூங்குவார்கள். ஒருவன் அழகர். இன்னொன்று சிப்பாய்.

காயத்தில் அக்கம்பக்கத்தார் சுண்ணாம்பும் புகையிலையும் அரைத்து அப்பிவைத்திருந்தார்கள். தோட்டத்து மருந்துக்காம்பரா டாக்டர் சிவஞானம், யாழ்ப்பாணத்து மனிதர், ஓடி வந்து அதைப் பார்த்து எட்டு மலைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். எல்லாவற்றையும் வழித்தெறிந்து, சவர்க்காரம் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவி முடித்த பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாயைக் கொல்லாதேங்கோ. உயிரோட பிடிச்சுக் கட்டுங்கோ. பத்து நாள் சுகமா நிண்டால் அதுக்கு விசர் இல்லை, வெறிநாய் இல்லை, பிள்ளைக்கும் பயமில்லை. நாய் செத்தாலோ கிடைக்காமல் போனாலோ, விசர் எண்டுதான் நான் எடுக்கவேணும். கொழும்புக்குப் போய்க் கப்பலேறிக் குன்னூருக்கு ஊசிக்குக் கொண்டுபோகவேணும். இந்தக் காயத்தோட, இந்தக் காய்ச்சலோட..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. இராக்கம்மா தானாகவே அதைக் கேட்டுக்கொண்டு அலறினாள்.

ஆக, பிள்ளையின் உயிர் அந்த நாயின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. நாயோ எங்கே என்று தெரியவில்லை.

விடிந்ததும் அங்கம்மா முதலில் பார்த்தது மூலையைத்தான். காட்டுப்பன்றி சுடவென்று தோட்டத்துத் துரை கொடுத்து வைத்திருந்த துவக்கு அங்கே இல்லை. புருஷன் இருட்டோடு எழுந்து போனதை அவள் பார்த்தாள்; துவக்கை எடுத்ததைப் பார்க்கவில்லை.

"கங்காணியம்மா!"

வாசலில் கருப்பம்மா நின்றாள். தப்பு அடிப்பவரின் பெண்சாதி. தோட்டத்தில் ஓர் இலை உதிர்ந்தால், அது தரையைத் தொடுமுன்னே சேதி சொல்லிவிடுவாள்.

"ஒங்க வீட்டு ஐயா என்னத்துக்குங்க தப்ப நிறுத்துனாரு? கருக்கல்ல வந்து, இன்னிக்கு ஒருத்தனும் தப்பத் தொடக்கூடாதுன்னுட்டாரு. புள்ள காதுல விழுந்தா பயந்துக்குமாம். எங்க வீட்டாளு கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம என் மண்டையில அடிக்கிறாரு!"

"அவரா அப்படிச் சொன்னாரு?"

"அவரேதாங்க. செத்த வீட்டுக்காரனக்கூடப் பெரட்டுக்கு இழுத்துட்டு வர்ற மனுசன்!"

அங்கம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றது. இராமையாவுக்கு இரக்கம் வந்தது என்றால், அவர் மீசையில் கோழி முட்டையிட்டது என்றும் நம்பலாம்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். முருகையா இல்லை. அவனும் கத்தியோடு நாயைத் தேடித்தான் போயிருந்தான். இராக்கம்மா மகனைத் தொடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"கஞ்சிய வச்சிட்டுப் போக்கா."

"நான் ஊட்டுறேன் புள்ள."

"ஊட்டுன வரைக்கும் போதும். ஊட்டி வளத்துத்தான இந்த லட்சணம்."

அங்கம்மா கஞ்சிச் சிரட்டையோடு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்தான். கன்னம் அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

"பெரிம்மா... என் தப்பு எங்க?"

"என்னடா தங்கம்?"

"அந்தத் தகரத்தக் கேக்குறான்," என்றாள் இராக்கம்மா எரிச்சலோடு. வாசல் மூலையில் ஒரு பிஸ்கட் தகரம் நசுங்கிக் கிடந்தது. "நேத்துச் சாயங்காலமும் அதே வேலை. ரெண்டு குச்சிய வச்சிக்கிட்டு, 'பெரட்டு பெரட்டு, எந்திரி எந்திரி'ன்னு தப்புக்காரரு மாதிரியே அடிச்சான். அச்சு அசலா அதே அடி. நான் பீலிக்குப் போறப்பவும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்தான் சத்தம் நின்னுச்சு."

அங்கம்மாவின் கையிலிருந்த கஞ்சிச் சிரட்டை அப்படியே நின்றது.

"உக்காந்தா அடிச்சான்? நின்னா அடிச்சான்?"

"உக்காந்துதான். நின்னுக்கிட்டு அடிக்க இவன் என்ன..." இராக்கம்மா நிமிர்ந்தாள். "ஏங்க்கா கேக்குற?"

அங்கம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். கால் எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை.

போன பனிக்காலத்தில் நடந்தது அது. பனியில் ஆட்கள் கம்பளியை விட்டு எழ மறுத்தார்கள். இராமையா ஒரு வழி கண்டார். பழைய சாக்கில் இறைச்சியைச் சுருட்டித் தரையில் போடுவார். தப்பை ஒரு கை அடிப்பார். சிப்பாய் பாய்ந்து சாக்கைக் கவ்வி வாசல்வரை இழுத்தால் இறைச்சி அதற்கு. பிறகு சாக்குக்குள் இறைச்சி இல்லாவிட்டாலும் இழுத்தது. பிறகு சாக்கே இல்லாவிட்டாலும், தப்புச் சத்தம் கேட்டதும் காம்பரா காம்பராவாகப் புகுந்து, தரையில் கிடக்கிற ஆளைக் கம்பளியோடு இழுத்தது. நிற்பவனைத் தொடாது. கிடப்பவனை விடாது. நரிப்பாறையில் ஆட்கள் குதிரைகளைப் போல நின்றுகொண்டே தூங்கப் பழகினார்கள். ஒருவன் நின்றபடியே கனவு கண்டு, கனவிலேயே பெரட்டுக்குப் போய் வந்ததாகவும் பேச்சு. துரை பார்த்துச் சிரித்து, நாய்க்கு ஒரு தோல்வாரும் இராமையாவுக்கு ஒரு கைகுலுக்கலும் கொடுத்தார். அங்கம்மாவும் சிரித்தவள்தான்.

ஒருத்திக்குக் கணுக்கால் கிழிந்தது. ஒரு கிழவர் பல்லைப் பறிகொடுத்தார். "நாயைக் கட்டுங்க" என்று அங்கம்மா அப்போதே சொன்னாள். "சிப்பாயக் கட்டிப் போட்டா வீரம் போயிரும் புள்ள" என்று மீசையை முறுக்கினார் மனிதர்.

நேற்று ரொட்டி தட்டிய சத்தத்தில் அவள் காதில் விழாத தகரம், நாயின் காதில் விழுந்திருக்கிறது. நாய்க்குத் தோல் என்ன, தகரம் என்ன? தாளம் ஒன்றுதான். தாளம் கேட்டது, தரையில் ஓர் உருவம் தெரிந்தது. சொல்லிக் கொடுத்ததைச் செய்தது.

அப்படியானால் அதற்கு வெறி இல்லை. பிள்ளை பிழைப்பான்.

அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் விளங்கியது. இராமையாவுக்கும் இது தெரியும். தப்பு அடித்தால் நாய் எங்கிருந்தாலும் வந்து நிற்கும்; வந்தால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் தப்பை நிறுத்தினார். துவக்கோடு போயிருப்பதும் அதற்காகத்தான். வெறிநாய் கடித்தது என்றால் அது விதி. பழக்கிய நாய் கடித்தது என்றால் அது கங்காணி. செத்த நாய் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை.

செத்த நாயால் பிள்ளை கப்பலேற வேண்டும் என்பதை அந்த மனிதர் நினைத்துப் பார்த்தாரா? நினைத்துப் பார்த்தும் போனாரா?

அவள் கருப்பம்மாவின் காம்பராவுக்கு ஓடினாள்.

"தப்பை எடு."

"ஐயோ தாயி! ஐயா தோல உரிச்சிருவாரு. தப்புக்கு வேற தோலு வேணாம், எங்க வீட்டாளு தோலு போதும்னு முடிவு பண்ணிருவாரு."

"ஒன் வீட்டாளு அடிக்க வேணாம். நான் அடிக்கிறேன்."

கருப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி பெண்சாதி தப்பைத் தொடுவதாவது! பொம்பளை அடிப்பதாவது! மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த காலத்திலிருந்து அப்படியொரு காரியம் எந்த மலையிலும் நடந்ததில்லை. ஆனால் அங்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை வேறாக இருந்தது.

"அப்படியே அடிச்சீங்கன்னா எருமை இருமுற மாதிரி இருக்கும். பனியில தோலு தொவண்டு கெடக்கு. இருங்க, சூடு காட்டித் தர்றேன்."

சருகைக் கூட்டி நெருப்பு வைத்துத் தப்பை வாட்டினாள். தட்டிப் பார்த்தாள். "ம்... இப்ப கத்தும். தாளம் தெரியுமா?"

"தெனமும் அதுலதான புள்ள எந்திரிக்கிறோம்."

ஆட்கள் மலைக்குப் போயிருந்தார்கள். லயத்தில் மிஞ்சியது கைப்பிள்ளைக்காரிகளும் சிறுசுகளும்தான். அங்கம்மா வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். "புள்ளைகள உள்ள தூக்கிட்டுக் கதவை அடைங்க. ஒருத்தரும் தரையில உக்காரக்கூடாது." வேலைக்குப் போகும் தாய்மார் சிறுசுகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கதவைத் தானே இழுத்துத் தாழ் போட்டாள். கடைசியாக இராக்கம்மாவின் கதவு. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னக்கா செய்யப்போற?"

"ஒன் மகனுக்கு நாயக் கொண்டாரப்போறேன்."

பெரட்டுக் களத்தின் நடுவில் நின்றாள். இடுப்பில் கயிறு, தோளில் பழைய சாக்கு. தப்பைத் தூக்கி அடித்தாள்.

டண் டண் டணக்கு. டண் டண் டணக்கு.

அந்தச் சத்தத்துக்குப் பசறையில் ஒரு பசு பால் கறப்பதை நிறுத்தியதென்றும், மொனராகலைக் காட்டில் யானை ஒன்று வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து நின்றதென்றும் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். அங்கம்மாவுக்குக் கேட்டது அவள் நெஞ்சு அடிப்பது மட்டும்தான்.

ஓடைப் பக்கம் தேயிலை அசைந்தது.

சிப்பாய் வந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. வாயோரம் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அது யாருடைய இரத்தம் என்று அவளுக்குத் தெரியும். களத்தின் விளிம்பில் நின்று தரையை மோந்தது. கிடப்பது யார், உட்கார்ந்திருப்பது யார் என்று தேடியது. மூடிய கதவுகளைப் பார்த்தது. பிறகு அவளிடம் வந்து, இரண்டு எட்டுத் தள்ளி நின்று, வாலை ஒருமுறை ஆட்டியது.

கயிற்றை மாட்டக் குனியவேண்டும். குனிந்தால்?

தோளிலிருந்த சாக்கைத் தரையில் எறிந்தாள். சிப்பாய் உறுமிக்கொண்டு அதைக் கவ்வி இழுத்தது. பிள்ளையை இழுத்த அதே இழுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, நின்றபடியே, சுருக்கை அதன் கழுத்தில் போட்டு இறுக்கினாள்.

"எவன்டா அவன் தப்பு அடிச்சது?"

மேட்டிலிருந்து இராமையா இறங்கி வந்தார், கையில் துவக்கு. மறுபக்கத்துப் பாதையில் முருகையா மூச்சிரைக்க ஓடி வந்தான், கையில் கத்தி.

"எவனுமில்ல. நான்தான்," என்றாள் அங்கம்மா.

"நீயா? பொம்பள தப்பு அடிக்கிறதா? வெக்கமா இல்ல? தள்ளு, வெறிநாய் அது!" துவக்கு உயர்ந்தது.

அங்கம்மா நாய்க்கு முன்னால் வந்து நின்றாள். "வெறிநாயா? பெரட்டுத் தப்பு கேட்டுப் பெரட்டுக்கு வந்து நிக்கிது. இந்தத் தோட்டத்துலயே ஒழுங்கா வேலைக்கு வர்ற ஆளு இது ஒண்ணுதான்."

"மதினி, தள்ளிக்குங்க," என்றான் முருகையா. கண் சிவந்து கிடந்தது. "அவரு சுடாட்டி நான் வெட்டுறேன்."

"தம்பி, அது வாயில என்ன இருக்குன்னு பாருங்க."

முருகையா பார்த்தான். சாக்கு.

"நேத்து ஒங்க மவன் தகரத்துல பெரட்டுத் தப்பு அடிச்சிருக்கான். உக்காந்து அடிச்சிருக்கான். தப்பு அடிச்சா தரையில இருக்கிற ஆள இழுன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

முருகையா அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே. ஒனக்குத் தெரியுமா இது?"

"நான் ஆளுங்களத்தானடா எழுப்பச் சொன்னேன்! புள்ளயக் கடின்னா சொன்னேன்?"

"ஆளு வேற, புள்ள வேறன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள் அங்கம்மா. "கட்டிப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"தெரியுமான்னுதான் கேட்டேன் அண்ணே."

இராமையாவின் மீசை, லயத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் தொங்கி ஊஞ்சலாடலாம் என்று பேர்போன மீசை, அசையவில்லை. முருகையா கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். இப்போது அவன் நாயைப் பார்க்கவில்லை.

நல்லவேளையாகச் சிவஞானம் வந்து சேர்ந்தார். பங்களாவிலிருந்து நேராக வந்தவர், மழை இல்லாத வானத்துக்குக் கீழே குடையை விரித்தபடி இருவருக்கும் நடுவில் புகுந்தார்.

"ஒருத்தரும் கை வைக்கப்படாது. நான் துரையோட கதைச்சுப்போட்டன். நாய் கட்டினபடி நிண்டால் நிக்கட்டும். அவிண்டு ஓடினால், கண்ட இடத்தில, கண்டவன் சுடலாம். அதுதான் உத்தரவு."

"சரிங்க," என்றார் இராமையா. கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார்.

லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் சிப்பாயைக் கட்டினாள் அங்கம்மா. கயிறு எட்டும் தூரத்துக்கும் அப்பால் கம்பு நட்டு முள் வளைத்தாள். கருப்பம்மா தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "இந்த முள்ளத் தாண்டுன காலு எனக்கு வேணாம், வெட்டி அடுப்புல வச்சிருவேன்," என்று சொல்லிவைத்தாள். வெறிநாய் தண்ணீரைத் தொடாது என்பார்கள்; சிரட்டையில் தண்ணீர் வைத்தபோது அங்கம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சிப்பாய் மோந்தது. பின்வாங்கியது. பிறகு நக்கிக் குடித்தது.

அவள் கொய்யா மரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இண்டைக்குக் குடிச்சால் நாளைக்கும் குடிக்கும் எண்டில்லை," என்றார் சிவஞானம். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, "ஆனால் குடிக்குது," என்றார்.

பிற்பகலில் அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினாள். இந்த முறை இராக்கம்மா தடுக்கவில்லை. "பொழைப்பானாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "நாய் பொழைச்சா இவனும் பொழைப்பான்," என்றாள் அங்கம்மா. ஊட்டி முடிப்பதற்குள் இரண்டு பேர் பின்பக்கம் போய் வந்தது பலகை இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. முதலில் ஒருவர். பிறகு ஒருவர். யார் யார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. பாவி, எட்டிப் பார்த்திருக்கலாம்.

மஞ்சள் வெயில் மலை முகட்டில் வற்றிக்கொண்டிருந்தபோது நாய்க்கு ரொட்டி எடுத்துப் போனாள். உள்ளே நுழைய விலக்கிய முள்ளை வேலியில் திரும்பச் சாத்தவில்லை. ரொட்டியைப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தடவிப் பார்த்தவளுக்கு விரல் ஓரிடத்தில் தடுக்கியது.

கயிறு அறுபட்டிருந்தது. தேய்ந்தது அல்ல. வெட்டு. புதிய நார் வெள்ளையாகப் பல்லிளித்தது. ஒரே ஒரு புரி மட்டும் மிச்சம் விட்டிருந்தார்கள். நாய் ஒருமுறை இழுத்தால் தானாக அறுந்தது போல இருக்கும்.

லயத்தின் இந்தக் கோடியில் இராமையா மடியில் துவக்கோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக் காம்பு கிள்ளும் மடக்குக் கத்தி அவர் இடுப்பில். அந்தக் கோடியில், தன் காம்பராவின் பின்வாசல் படியில், முருகையா கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில், தரையில், அழகர் எழுந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்ட முகம். கடிபட்ட பிறகு முதன்முதலாகச் சிரித்த முகம்.

அவனுடைய சின்ன விரல்கள் கதவுப் பலகையைத் தட்டின.

டண் டண் டணக்கு.

சிப்பாயின் கிழியாத காது நிமிர்ந்தது. ரொட்டியை விட்டது. எழுந்தது.

அங்கம்மா வெட்டுக்கு இந்தப் பக்கம், நாயின் கழுத்தோரம், கயிற்றைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். புரி அவள் முதுகுக்குப் பின்னால் பட்டென்று அறுந்தது. இனி மரமும் அவள்தான், கட்டும் அவள்தான்.

"ஏங்க" என்று ஒரு பக்கம் கூப்பிடலாம். "தம்பி" என்று மறுபக்கம் கூப்பிடலாம். வெட்டியவர் அந்த இருவரில் ஒருவர்: நாய் செத்தால் ஒருவருக்குக் குற்றம் மறையும், மற்றவனுக்கு ஆத்திரம் தீரும்.

குழந்தை இன்னும் உற்சாகமாகத் தட்டினான்.

"பெரட்டு! பெரட்டு! எந்திரி!"

நாய் இழுத்தது.